பாசல் கலைச் சந்தையில் கொரிய நவீன ஓவியம்: முதன்முறை போகிறவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத நடுவில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்ட் பாசல் என்ற கலைச் சந்தை நடக்கிறது. 1970-இல் எர்ன்ஸ்ட் பையலர் உள்ளிட்ட உள்ளூர் கேலரிக்காரர்கள் மூவர் தொடங்கியது. இப்போது ஏறத்தாழ 290 கேலரிகள் வருகின்றன. கொரிய நவீன ஓவியத்தை ஐரோப்பாவில் நெருங்கிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் எண்ணம். அருங்காட்சியகத்தில் காவலர் கண் நம் மேலேயே இருக்கும். சந்தையில் ஒரு முழம் தள்ளி நின்று, பக்கவாட்டில் குனிந்து பார்த்து, "இதை எப்படிச் செய்தார்?" என்று ஆளைப் பிடித்துக் கேட்கலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. கொரிய ஓவியங்களில் பல, சத்தமே போடாதவை. வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று சுவரோடு சுவராக இருக்கும். கண்ணைப் பறிக்கும் நியான் விளக்குக்கும் பளபளக்கும் எஃகுச் சிற்பத்துக்கும் நடுவில் அவற்றை யாரும் எளிதாகக் கடந்துபோய்விடுவார்கள். அதனால் போகுமுன் கொஞ்சம் தயாராக வேண்டும்.

எந்த நாள், எங்கே தங்குவது

செவ்வாயும் புதனும் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும். வியாழன் முதல் ஞாயிறு வரை பொதுமக்களுக்கு. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். என் பரிந்துரை வியாழன் காலை. முதல் இரண்டு நாளில் விற்றுப்போன ஓவியங்களைச் சில கேலரிகள் இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டும். நாள் போகப்போக, முதலில் யோசித்து மாட்டிய வரிசை கலைந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். ஓவியத்தின் முன் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

அந்த வாரத்தில் பாசல் விடுதி வாடகை தலைசுற்ற வைக்கும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க், பிரான்சின் முலூஸ், இந்தப் பக்கம் சூரிச் ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாசலுக்கு வந்துவிடலாம். ஷெங்கன் விசா ஒன்றே மூன்று நாட்டுக்கும் போதும். சுவிஸில் குடியிருக்கும் ஈழத்தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை. காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்பலாம்.

விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க: பாசல் விமான நிலையத்துக்குப் பிரெஞ்சு வாசல், சுவிஸ் வாசல் என்று இரண்டு உண்டு. சுவிஸ் பக்கம் வெளியேறி 50-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தால் மத்திய ரயில் நிலையம். அங்கிருந்து 2-ஆம் எண் டிராம் சந்தை நடக்கும் மெஸ்ஸெப்ளாட்ஸில் இறக்கிவிடும். பாசலிலேயே விடுதியில் தங்கினால் ஒரு பயண அட்டை தருவார்கள். உள்ளூர் டிராம், பஸ் கட்டணம் அதில் அடங்கிவிடும்.

நாட்டின் பெயரால் தேடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள், "கொரிய கேலரி எது?" என்று தேடிப் போவார்கள். சியோலின் குக்ஜே கேலரி பல ஆண்டுகளாக வருகிறது. அங்கே தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அத்தோடு முடித்துக்கொண்டால் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். கொரிய ஓவியர்களின் படைப்புகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கேலரிகளின் அரங்குகளில்தான் பரவிக் கிடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் பார்க் சியோ-போவை ஒயிட் கியூபிலும் பெரோத்தானிலும், ஹா சோங்-ஹியுனை அல்மின் ரெஷ்ஷிலும், யுன் ஹியோங்-கியுனை டேவிட் ஸ்விர்னரிலும், லீ உஃபானை லிசனிலும் பேஸிலும் பார்க்க வாய்ப்பு இருந்தது. யார் எந்தக் கேலரியில் என்பது மாறிக்கொண்டே இருக்கும். எனவே சந்தையின் இணையதளத்தில் ஓவியர் பெயரைப் போட்டுத் தேடி, அரங்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரில் கவனம் வேண்டும். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். லீ உஃபான், லீ பூல், லீ குன்-யோங், லீ சுங்-டேக் நால்வருக்கும் ஒருவருக்கொருவர் உறவில்லை. "லீ வரைந்தது" என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

பத்து அரங்குக்கு மேல் குறிக்காதீர்கள். அதுவே ஒரு நாளைக்கு அதிகம். கட்டடத்தின் இரண்டாம் கூடத்தில் இரு தளங்கள். கீழ்த்தளத்தில் பெரும்பாலும் பழைய, பெரிய பெயர்கள். மேல்தளத்தில் இன்றைய கலைஞர்கள். நடுவில் வட்டமான திறந்த முற்றம் ஒன்று உண்டு. கால் வலித்தால் எல்லோரும் அங்கேதான் வந்து விழுவார்கள். உணவு விலை கடுமை. கையில் புட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் தெருவோர நீரூற்றுகளில் வரும் தண்ணீரைக் குடிக்கலாம்.

கொஞ்சம் வரலாறு

1945-இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தது. 1950 முதல் 1953 வரை போர். அதன்பின் வறுமை, அதற்கும் பின் பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சி. இந்தச் சூழலில் 1970-களில் ஒரு தலைமுறை ஓவியர்கள் உருவங்களையும் வண்ணங்களையும் குறைத்துக்கொண்டு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து ஓவியம் ஆக்கினார்கள். 1975-இல் டோக்கியோவில் ஐந்து கொரிய ஓவியர்களின் வெள்ளை ஓவியங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. வெளியுலகம் இவர்களைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். இன்று இந்தப் போக்கைத் தான்செக்வா என்கிறார்கள், அதாவது ஒற்றை நிற ஓவியம்.

இவர்களுக்கு ஐரோப்பாவில் திடீர் மவுசு வந்தது 2015-இல். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வெனிஸ் பியன்னாலே கலைவிழா நடந்தபோது பெருங்கால்வாய் ஓரத்து மாளிகை ஒன்றில் தான்செக்வாவுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தார்கள். அதைச் சேர்ந்து நடத்தியவர்களில் சியோலின் குக்ஜேயும் நியூயார்க்கின் டினா கிம் கேலரியும் உண்டு. வியாபாரிகள் கை இதில் இருக்கிறது என்பதை மறைக்க ஒன்றுமில்லை. எண்பது வயதை நெருங்கியும் கடந்தும் இருந்த ஓவியர்களின் நாற்பது ஆண்டு பழைய படங்கள் சில ஆண்டுகளில் பல மடங்கு விலைக்குப் போயின. சந்தை கொண்டாடியதாலேயே அது போலி என்று நினைக்கவும் வேண்டாம், விலை ஏறியதாலேயே அது உயர்ந்தது என்று நம்பவும் வேண்டாம். படத்தின் முன் போய் நில்லுங்கள்.

முன்னால் நின்று எதைப் பார்ப்பது

இந்த ஓவியங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே" என்று சொல்வது எளிது. புகைப்படத்தில் மேற்பரப்பு செத்துவிடும். நேரில் போனதும் நேராக நிற்காமல், ஓவியத்தின் பக்கவாட்டுக்குப் போங்கள். விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் வேலை எப்படி நடந்தது என்பது தெரியும்.

ஹா சோங்-ஹியுனிடம் தொடங்குங்கள், புரிவதற்கு எளிதானவர். 1935-இல் பிறந்தவர். போருக்குப் பின் வெளிநாட்டு உதவித் தானியம் சாக்குப் பைகளில் வந்த காலம். நல்ல கேன்வாஸுக்கு வழியில்லாத நாட்டில் சணல் சாக்கு எங்கும் கிடந்தது. அவர் அந்த முரட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்பக்கத்தில் கெட்டியான எண்ணெய்ச் சாயத்தை வைத்து அழுத்தினார். இடியாப்பம் பிழிவதுபோல், சாயம் நெசவின் கண் வழியாக முன்பக்கம் பிதுங்கி வரும். பிதுங்கியதைச் சில இடங்களில் அப்படியே விட்டுவிடுவார், சில இடங்களில் தட்டையான கரண்டியால் வழித்து இழுப்பார். அருகே போனால் ஒவ்வோர் இழையிடுக்கிலும் சாயம் முத்து முத்தாக நிற்பதைப் பார்க்கலாம். ஓவியர் நின்றது பின்னால். நாம் நிற்பது முன்னால். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை யாரும் வெற்றுச் சாம்பல் என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்தது பார்க் சியோ-போ (1931–2023). 1960-களின் இறுதியில் அவருடைய சிறுபிள்ளை, கட்டம் போட்ட நோட்டில் எழுத்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. அழித்து அழித்து எழுதிப் பார்த்து, கடைசியில் வெறுத்துப்போய்த் தாள் முழுக்கக் கிறுக்கித் தள்ளினான். அந்தக் கைவிடல்தான் தனக்கு வழிகாட்டியது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வெளிர் நிறச் சாயத்தைப் பூசி, அது காய்வதற்குள் பென்சிலால் கோடு கோடாக இழுப்பார். மேலே மீண்டும் சாயம், மீண்டும் கோடு. 1980-களில் கொரியாவின் ஹான்ஜி தாளுக்கு மாறினார். மல்பெரி வகை மரப்பட்டையில் செய்யும் அந்தத் தாளை நனைத்து, அடுக்காக ஒட்டி, ஈரத்தில் கீறித் தள்ளி வரப்பு எழுப்பினார். பிந்தைய படங்களில் வரும் அந்தச் சிவப்பு, 2000 வாக்கில் ஜப்பானின் பண்டாய் மலையில் இலையுதிர்காலச் செந்நிறத்தைக் கண்டபின் வந்தது. சந்தையில் அதிகம் மாட்டுவது இந்த வண்ணப் படங்களைத்தான். என்னைக் கேட்டால், 1970-களின் பென்சில் படம் ஒன்று எங்காவது மாட்டியிருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதன் முன் நில்லுங்கள். பென்சில் ஈரச் சாயத்தைக் கிழித்துப் போன இடத்தில் இரு கரையிலும் மெல்லிய மேடு நிற்கும். கை எங்கே வேகம் கொண்டது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் அப்படியே பதிவாகியிருக்கும்.

சுங் சாங்-ஹ்வாவின் படம், தொலைவில் வெள்ளை ஓடு பதித்த சுவராகத் தெரியும். வெண்களிமண்ணைப் பசையோடு கலந்து துணியில் தடிமனாகப் பூசிக் காயவைப்பார். பிறகு துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, பின்னால் போட்ட கோடுகளின்மீது மடித்து மடித்து விரிசல் விடச் செய்வார். கட்டம் கட்டமாகக் களிமண்ணைப் பெயர்த்து, அந்தக் குழியில் அக்ரிலிக் சாயத்தை நிரப்புவார். பெயர்ப்பது, நிரப்புவது என்று மாதக்கணக்கில் வேலை போகும். இதைப் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். சந்தையில் விளக்கெல்லாம் மேலிருந்துதான்; ஆகவே நீங்கள்தான் நகர்ந்து நகர்ந்து பார்க்க வேண்டும்.

யுன் ஹியோங்-கியுனை (1928–2007) இவர்களோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் அவர் தனி ரகம். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். அதிகாரச் செல்வாக்கில் ஒரு மாணவியை முறைகேடாகச் சேர்த்ததை 1973-இல் தட்டிக்கேட்டார். லெனின் தொப்பி போன்ற தொப்பி அணிந்திருந்தார் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, கம்யூனிச எதிர்ப்புச் சட்டத்தில் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தபின் அவர் படத்திலிருந்து வண்ணங்கள் போய்விட்டன. பழுப்பும் நீலமும் கலந்து கிட்டத்தட்டக் கருப்பாகத் தெரியும் சாயத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, எதுவும் பூசாத வெறும் துணியில் அகலமான தூண்களாக இழுத்தார். பழுப்பு மண்ணுக்கு, நீலம் வானத்துக்கு என்றார். தூணின் ஓரத்தைப் பாருங்கள். எண்ணெய் துணியில் ஊறிப் பரவி, கருமைக்கு வெளியே மஞ்சள் படர்ந்த ஒரு விளிம்பு இருக்கும். யுன் கோபத்தில் வரைந்தவர் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், "தியானம்", "அமைதி" என்று அரங்குத் தாள்களில் அச்சடித்திருப்பது எரிச்சலைத் தரும்.

கிம் சாங்-யோல் (1929–2021) ஐரோப்பாவிலேயே வாழ்ந்து பெயரெடுத்தவர். 1969-இல் பாரிஸ் வந்து, புறநகரில் குதிரை லாயம் ஒன்றில் இருந்து வரைந்துகொண்டிருந்தார். பழைய கேன்வாஸை மீண்டும் பயன்படுத்த, சாயத்தை உரித்தெடுப்பதற்காகப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். காலை வெயிலில் அந்தத் துளிகள் ஒளிர்ந்தன. பிறகு ஆயுள் முழுக்க நீர்த்துளிதான். தொலைவில் அசல் தண்ணீர். அருகே போனால் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு நிழல், அவ்வளவே. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்கலாம். தொட்டுப் பார்க்கக் கை நீளும், பிடித்துக்கொள்ளுங்கள்.

லீ குன்-யோங் தான்செக்வா ஆள் இல்லை, செயல்முறைக் கலைஞர். ஆளுயரப் பலகைக்குப் பின்னால் நின்று, கையை மேலாக நீட்டி முன்பக்கத்தில் தான் பார்க்க முடியாத கோடுகளை இழுப்பார். அல்லது பலகைக்கு முதுகைக் காட்டி நின்று வரைவார். பக்கவாட்டில் நின்று வரைந்தால் கை எட்டும் வளைவில் இதய வடிவம் தானாகவே விழும். இதயம் வரைய நினைத்தவர் இல்லை அவர். அரங்கில் அந்தப் படத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிற ஜோடிகளுக்கு அது தெரியாது.

பெண் ஓவியர்களை இந்தக் கதையில் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். சோய் வூக்-கியுங் (1940–1985) என்ற பெயரையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். ஒற்றை நிறம் கோலோச்சிய காலத்தில் வண்ணத்தை வாரி இறைத்தவர்.

தலைப்பிலேயே தேதி இருக்கிறது

அரங்குச் சுவரில் உள்ள சீட்டைப் படிக்க ஒரு சூட்சுமம். கொரிய ஓவியர்கள் பலர் தலைப்பிலேயே ஆண்டை மறைத்து வைத்திருப்பார்கள். ஹா சோங்-ஹியுனின் படத்தில் "74-98" என்றால் 1974-இல் செய்த 98-ஆவது படம். பார்க் சியோ-போவின் பழைய படங்களில் ஆண்டு பின்னால் வரும்: "55-73" என்றால் 1973. கிம் வான்கியின் (1913–1974) "5-IV-71 #200" என்பது 1971 ஏப்ரல் 5, வரிசை எண் 200. அந்த நீலப் படம்தான் 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் 10 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டிப் போனது. லீ குன்-யோங்கிடம் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "76-1-2021" என்றால், 1976-இல் வகுத்த முறையில் 2021-இல் வரைந்தது என்று பொருள்.

ஆண்டு ஏன் முக்கியம்? 1970-களில் செய்ததும் 2010-களில் செய்ததும் விலையில் மட்டுமல்ல, வேகத்திலும் வேறு. கொரியாவில் ஐம்பது ஆண்டு கடந்த கலைப்பொருளை வெளியே கொண்டுபோக நீண்ட காலம் கட்டுப்பாடு இருந்தது. 1960-களின் படங்கள் வெளிநாட்டுச் சந்தைகளுக்கு அரிதாகவே வந்ததற்கு அதுவும் காரணம். 1946-க்குப் பிறகு செய்தவற்றுக்கு 2024-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். பழைய ஆண்டு போட்ட சீட்டு கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

கேள்வி கேட்பது, விலை கேட்பது

அரங்கில் உட்கார்ந்திருப்பவர் மடிக்கணினியை விட்டுத் தலை நிமிரமாட்டார். அதற்கு அஞ்ச வேண்டாம். "இது எந்த ஆண்டு, எந்தத் துணி?" என்று கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு எழுந்து வருவார்கள். விலையைச் சுவரில் எழுதுவதில்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்பது அநாகரிகமும் இல்லை. கூட்டம் குறைந்த பிற்பகலில் கேளுங்கள். பேசிக்கொண்டிருப்பவர் பெரிய சேகரிப்பாளரோடு இருந்தால் காத்திருங்கள். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். பெரிய பையை வாசலில் ஒப்படைத்துவிடுங்கள். திரும்பும்போது முதுகுப்பை உரசினால் அந்தக் களிமண் ஓவியம் தாங்காது.

வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை ஒன்று. கொரிய நவீன ஓவியத்தில் போலி வழக்குகள் விசித்திரமானவை. ஓவியர் சுன் கியுங்-ஜா 1991-இல், தன் பெயரில் தேசிய அருங்காட்சியகம் வைத்திருந்த படம் தன்னுடையது இல்லை என்றார். அருங்காட்சியகமோ உங்களுடையதுதான் என்று விடாப்பிடியாக நின்றது. 2016-இல் லீ உஃபான் படங்கள் பதின்மூன்றைப் போலி என்று சியோல் காவல்துறை அறிவித்தது. போலி செய்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டார். லீ உஃபானே வந்து பார்த்துவிட்டு, பதின்மூன்றும் நான் வரைந்ததுதான் என்றார். ஆகவே சான்றிதழ், முன்பு யார் கையில் இருந்தது, எந்தக் கண்காட்சியில் வைத்தார்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். விலையில் 8.1 சதவீத சுவிஸ் வரி சேர்ந்திருக்கிறதா, அனுப்பும் செலவும் காப்பீடும் யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பெரிய பணம் இல்லாதவர்கள் அச்சுப்படங்களுக்கான பிரிவுக்குப் போகலாம். லீ உஃபான் நிறைய அச்சுப்படங்கள் செய்திருக்கிறார். அவற்றில் ஏதாவது வந்திருந்தால், தூரிகைக் கோடு சாயம் தீரத் தீர மங்கிப்போவதை அவற்றிலும் பார்க்கலாம்.

முதலாம் கூடத்தில் அன்லிமிடெட் என்று பிரமாண்டப் படைப்புகளுக்கான பிரிவு இருக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தை அதற்கு வையுங்கள். காலையிலேயே அங்கே போனால் கண் பழகிவிடும். அப்புறம் வெள்ளை ஓவியம் எடுபடாது.

பாசலுக்கு வெளியே

மறுநாள் நேரம் இருந்தால் மெஸ்ஸெப்ளாட்ஸிலிருந்து 6-ஆம் எண் டிராமில் ரீஹனுக்குப் போய் பையலர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் ரோத்கோவின் படம் மாட்டியிருந்தால் நல்ல வாய்ப்பு. யுன் ஹியோங்-கியுனை "கொரியாவின் ரோத்கோ" என்று சொல்லும் சோம்பேறித்தனம் எவ்வளவு தவறு என்று உடனே தெரிந்துவிடும்: ரோத்கோவின் நிறம் மிதக்கும், யுன்னின் நிறம் துணிக்குள் ஊறிப்போகும்.

ஜூனில் வர முடியாதவர்களுக்கு அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் பூங்காவில் ஃப்ரீஸ் கலைச் சந்தை, அதே மாதம் பாரிஸ் கிராண்ட் பாலேயில் ஆர்ட் பாசலின் பாரிஸ் பதிப்பு. மாட்ரிட்டின் ஆர்கோ சந்தை 2007-இல் கொரியாவையே விருந்தினர் நாடாக அழைத்தது. இப்போது அங்கே கொரியாவுக்காக மட்டும் போவது வீண் செலவு. தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் 2022-இல் திறந்த லீ உஃபான் அருங்காட்சியகம் சந்தைக் கூச்சலுக்கு நல்ல மாற்று. பழைய மாளிகையை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவ் அண்டோ செப்பனிட்டிருக்கிறார்.

இவ்வளவு தூரம் பணம் செலவழிக்கத் துணிந்தவர், சியோலுக்கே போகலாமே என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். செப்டம்பரில் கோயெக்ஸ் வளாகத்தில், 2002-இல் தொடங்கிய கியாஃப் கலைச் சந்தையும் 2022-இல் வந்த ஃப்ரீஸ் சியோலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அங்கே போனால் புவாம்-தோங் மேட்டில் உள்ள வான்கி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஏற்றம் கடுமை, டாக்சியில் போவது நல்லது.